கூத்தர் முடி

1619ஆம் ஆண்டிலே யாழ்ப்பாண இராச்சியம் பறங்கியர் கைப்பட்டது. அன்றோடு யாழ்ப்பாணத் தமிழ் மன்னரின் முடி மறைந்தது. 1815ஆம் ஆண்டிலே கண்டி அரசும் வீழ்ந்தது. அதன் இறுதி மன்னனாகிய ஸ்ரீ விக்கிரமராசசிங்கன் வேலூருக்குக் கொண்டுசெல்லப்பட்டு 1832இலே அங்கேயே உயிர் நீத்தான். இந்நாட்டுக்கென்று முடிசூடிய மன்னர் எவரும் இல்லாத காலம் அப்பொழுது தொடங்கியது. ஆயினும், எமது ஊர்களிலே முடி புனைந்தவர்கள் இல்லாமற் போகவில்லை. பகலிலே ஏர் பிடித்தவரும் வலை வீசியவரும் ஆண்டிலே ஓரிரவு தருமராகவும் துரியோதனராகவும் கர்ணனாகவும் வட்டக்களரியிலே தோன்றினர். அவர்கள் தலையிலே இருந்த முடியைப் பற்றியே நாம் இங்கு பேசப் புகுகின்றோம்.

கூத்தின் பாட்டு, தாளக்கட்டு, ஆட்டம் என்பன பற்றி அறிஞர் பலர் நிரம்ப எழுதியுள்ளனர். முடியைச் செய்த கைகளைப் பற்றி அத்துணை எழுதப்படவில்லை. ஏட்டிலே எழுதிய பாட்டு ஏடு உள்ளவரை நிற்கும். கடதாசியும் மட்டையும் கொண்டு செய்த முடியோ இரண்டு மாரிக்கு நின்றாலே பெரிது. செய்தவர் மறைந்தால் செய்முறையும் மறையும். இவ்வாண்டு எமது மன்றத்து இளைஞர் கூத்தொன்றை மேடையேற்ற முற்பட்டபொழுது, முடியைக் கூலிக்கு எடுப்பதா, நாமே செய்வதா என்ற வினா எழுந்தது. கூலிக்கு எடுப்பது எளிது என்றனர் சிலர். செய்வதுதான் முறை என்றனர் மூத்தோர். இரு பக்கத்திலும் நியாயம் உண்டு. ஆனால் இந்த வழக்கைத் தீர்ப்பதற்கு முன் முடியின் வரலாற்றை அறிந்துகொள்வது நன்று.

முதலிலே ஓர் ஐயத்தை நீக்கிக்கொள்வோம். கூத்தரின் முடி அரண்மனை முடியைப் பார்த்துச் செய்யப்பட்டது என்று பலர் எண்ணுகின்றனர். அப்படியன்று. கண்டி மன்னரின் தலையணி பொன்னிழை வேலைப்பாடுடைய தொப்பி வடிவினது. அதன் உச்சியிலே மணிகள் பதித்த சிறு செடிபோன்றதோர் அணி நிற்கும். விசயநகரப் பேரரசனாகிய கிருஷ்ணதேவராயரின் (ஆட்சிக்காலம் 1509 முதல் 1529 வரை) செப்புப் படிமம் திருப்பதி மலைக் கோயிலிலே உள்ளது. அதன் தலையிலே இருப்பது குல்லாய் எனப்படும் நெடிய கூம்புத் தொப்பி. எமது கூத்துகள் வளர்ந்த காலத்திலே தென்னாட்டிலும் ஈழத்திலும் ஆண்ட மெய்யான மன்னர் அணிந்தவை இத்தகையனவே. கூத்திலே வரும் மன்னர் இவற்றுள் ஒன்றையேனும் அணிந்தாரல்லர். அடுக்கடுக்காய் உயர்ந்து, நெற்றியிலே பட்டமும் உச்சியிலே கலசமும் உடையதாய், காதுக்கு மேலே பூவேலை விரிந்து நிற்கும் முடியையே அவர்கள் அணிந்தார்கள்.

அந்த முடி எங்கே இருந்தது? கோயிலிலே இருந்தது. சிற்ப நூலார் தெய்வ வடிவங்களின் முடிகளைச் சடாமகுடம், கிரீடமகுடம், கரண்டமகுடம் என வகுப்பர். சிவபிரானுக்கும் நான்முகனுக்கும் சடாமகுடம்; திருமாலுக்குக் கிரீடமகுடம்; பிள்ளையார், முருகன், தேவியர் முதலியோர்க்குப் பெரும்பாலும் கரண்டமகுடம். பொலன்னறுவையிலே கண்டெடுக்கப்பட்டுக் கொழும்பு நூதனசாலையிலே வைக்கப்பட்டிருக்கும் சோழர் கால வெண்கலப் படிமங்களைப் பார்ப்போர் இவ்வேறுபாட்டை நன்கு காணலாம். ஊர்க் கம்மாளனுக்கும் தச்சனுக்கும் அரண்மனைக்குள்ளே நுழைய இடமில்லை. ஆனால் தேரிலும் வாகனத்திலும் தெய்வத்துக்கு முடி செதுக்குவது அவன் கைத்தொழில். தருமருக்கு முடி வேண்டும் என்று அண்ணாவியார் கேட்டால், அவன் தான் அறிந்த முடியைத்தானே செய்து கொடுப்பான்? கூத்தைப் பார்க்க இருந்த சனங்களும் பாண்டவரைக் குறுநில மன்னராக எண்ணவில்லை. தெய்வ அமிசம் உடையோராகவே எண்ணினர். ஆகவே அரசமுடியாகாமல் தெய்வமுடியானது பொருத்தமே.

பழைய நூல்களிலும் ஆடுவோர் தலையணிக்குத் தனி இடம் உண்டு. சிலப்பதிகாரக் கடலாடு காதையிலே மாதவி பதினோராடலையும் அவ்வவற்றுக்குரிய கோலத்தோடு ஆடினாள் என்று இளங்கோவடிகள் கூறுகின்றார். அதே காதையிலே அவள் தலைக்கு அணிந்தவை இவை இவை என்று பெயர் சுட்டி வரும். தெய்வவுத்தி, வலம்புரி, தொய்யகம், புல்லகம் என்ற பெயர்களை இன்று எமது பெண்கள் அறியார். உரை நூல்களின் உதவி கொண்டே நாமும் அறிகின்றோம்.

இவற்றினும் எமக்கு வியப்புத் தருவது வடமொழியிலுள்ள நாட்டிய சாத்திரம். ஆகாரியம் எனப்படும் ஒப்பனையைக் கூறும் இயலிலே, முடியை எப்படிச் செய்யவேண்டும் என்றே பரதமுனிவர் சொல்லிவிடுகின்றார். துணியின்மீது வில்வக் கூழைப் பூசி, சாம்பலோ நெல்லுமியோ சேர்த்து, தலைக்கு ஏற்ற வடிவாக்கி, வெயிலிலோ நெருப்பின் சூட்டிலோ உலர்த்தி, பின்பு கூரிய கருவியால் வெட்டியும் துளைத்தும் முடியாக்கவேண்டும் என்பது அவர் கூறும் முறையின் சாரம். இன்று கடதாசிக் கூழால் முகமூடி செய்பவர் செய்வது இதுவேயன்றி வேறென்ன? வில்வப்பழத்தின் சதையிலே விதைகளைச் சூழ்ந்திருக்கும் பிசின் நல்ல ஒட்டுப் பசை என்பதைப் பழைய வீடுகளிலே வளர்ந்த எவரும் அறிவர். சிவபூசைக்கு இலை தந்த மரமே கூத்தனுக்குப் பசையும் தந்தது.

பரதமுனிவர் மேலும் ஒன்று கூறுவார். நாடகத்துக்குரிய அணிகளைப் பாரமாகச் செய்யலாகாது. பாரமான அணி பூண்டவன் களைப்பான், வியர்ப்பான், மயங்கியும் விழுவான்; ஆதலால் அரக்கும் மெல்லிய தகடும்போன்ற இலேசான பொருள்களாலேயே அவை செய்யப்படவேண்டும் என்பது அவர் கட்டளை. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழைமையுடையதெனக் கருதப்படும் நூலொன்று ஆடுபவனின் கழுத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்டிருக்கிறது.

இனி மட்டக்களப்புக்கு வருவோம். அங்கே கூத்து வடமோடி, தென்மோடி என இருவகைப்படும். வடமோடி பெரும்பாலும் பாரத இராமாயணக் கதைகளை எடுத்துப் போரிலே முடியும். தென்மோடியிலே காதலும் மணமும் மிகுதி, ஆட்டமும் நுணுக்கமானது. உடையும் இதற்கேற்ப வேறுபடும். வடமோடி அரசன் அணிவது கரப்புடுப்பு. மீன்பிடிக்கும் கரப்பைக் கவிழ்த்தாற்போல இடையிலிருந்து விரிந்து நிற்பதால் அதற்கு அப்பெயர். அதற்கு மேலே மார்பணி, புயத்தணி, தலையிலே உயர்ந்த கிரீடம். தென்மோடி அரசனின் உடை இலேசானது; அவன் முடியும் சிறியது. இந்த வேற்றுமையை வெறும் அலங்கார வேற்றுமை என்று கொள்ளுதல் தவறாகும். கீழே இவ்வளவு அகன்ற உடுப்பை அணிந்தவன் தலையிலே சிறு முடி வைத்தால் குட்டையாய்த் தோன்றுவான். கரப்பின் அகலத்துக்கு ஈடாகவே கிரீடம் உயர்ந்தது. கிரீடம் உயர்ந்தமையால் ஆட்டமும் அதற்கேற்ப அமைந்தது. உயர்ந்த முடியோடு கழுத்தை வெட்டி ஆட முடியாது. உடல் முழுவதும் ஒருமித்துத் திரும்பவேண்டும், நிமிர்ந்து நிற்கவேண்டும். வடமோடி வீரனின் கம்பீரத்திலே பாதி அவன் முடி அவனை நிமிர்த்தி வைத்தமையால் வந்தது என்று நாம் துணிந்து கூறுவோம். நுணுக்கமான காலடிகளுக்கு இலேசான முடியே ஏற்றது என்பதைத் தென்மோடியார் அறிந்திருந்தனர்.

எமது அயலவரும் இதே சிக்கலை வெவ்வேறு வழியிலே தீர்த்துள்ளனர். கேரளத்துக் கதகளியிலே கிரீடம் குமிழ மரத்திலே செதுக்கப்படுகின்றது. அம்மரம் பாரமற்றது, வெடிக்காதது. கன்னட நாட்டு யட்சகானத்தார் தலையணியின் ஒருவகையை ஒவ்வொரு நாளும் ஆடுபவன் தலையிலேயே துணி சுற்றி, சரிகைப்பட்டை கட்டி எழுப்புவர். ஆட்டம் முடிந்தால் அது அவிழ்க்கப்படும். பெட்டியிலே வைக்க ஒன்றுமில்லை. தமிழ்நாட்டுத் தெருக்கூத்தின் முடியும் புயக்கட்டையும் கல்யாணமுருங்கை மரத்தாற் செய்து கண்ணாடி பதிக்கப்படுவன. அம்மரம் வேறெதுவுமன்று; எமது வேலிகளிலே செந்நிறப் பூப் பூத்து நிற்கும் முள்முருக்கேயாம். விறகுக்கும் உதவாது என்று நாம் இகழும் மரம்!

எமது ஊர்களிலே மென்மரத்தைக் குடைந்தும், தகரத்தை வெட்டியும், மட்டையும் கடதாசியும் ஒட்டியும் முடி செய்தனர். ஊருக்கு ஊர், கைக்குக் கை முறை வேறுபடும். எமது மன்றத்தார் மூத்தோர் சிலரின் சொற்கேட்டுக் கடதாசி முறையையே கைக்கொண்டனர். வருங்காலத்திலே செய்வோர்க்கு உதவும் என்பதால் அதைச் சற்று விரித்து எழுதுகின்றோம்.

முதலிலே ஆடுபவனின் தலையை நூலால் அளத்தல் வேண்டும். வளர்ந்த ஆணின் தலைச்சுற்று ஏறத்தாழ 22 அங்குலம். முடிக்குக் கீழே தலையிலே துணி சுற்றவேண்டும் ஆதலால் ஒன்றரை அங்குலம் கூட்டிக்கொள்ள வேண்டும். உயரத்துக்கு முகத்தையே அளவாகக் கொண்டோம். மோவாயிலிருந்து மயிர் தொடங்கும் இடம் வரை உள்ள நீளம் ஒரு முகம். சிறு முடிக்கு ஒரு முகம். பெரிய கிரீடத்துக்கு ஒன்றரை முகம். அதற்கு மேற்போனால் பாய்ந்து சுழலும்போது முடி அலையும், ஆடுபவனுக்கு மனம் ஆட்டத்திலே நில்லாது.

அச்சுக்கு மண்பானையைக் கவிழ்த்து வைத்து, அதன்மேலே சட்டியும், சட்டியின்மேல் சிறுமுட்டியும், உச்சியிலே சிரட்டையுமாக அடுக்கி, இடைவெளியைக் களிமண்ணால் நிரப்பினோம். அடுக்கி முடித்தபின் தூரத்திலே நின்று பார்த்தால் கோயிலிலே தேவியின் தலையிலுள்ள கரண்டமகுடம் அப்படியே தோன்றும்! மேலே செல்லச் செல்லச் சிறுத்துவரும் குடங்களை அடுக்கினாற்போன்றது கரண்டமகுடம் என்று நூலிலே படிக்கிறோம். பானையை அடுக்கிப் பார்க்கும்போதுதான் அதன் பொருள் விளங்குகிறது.

அச்சின்மேலே சாம்பலைத் தடவவேண்டும். இல்லையேல் கடதாசி மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். பழைய கடதாசியைக் கையாற் கிழித்து (கத்தரிக்கோலால் வெட்டினால் விளிம்பு தெரியும்) பசையிலே தோய்த்து, ஒரு படை குறுக்காக, அடுத்த படை நெடுக்காக ஒட்டவேண்டும். ஆறு ஏழு படை போதும். மூன்றாவது படைக்குப் பின் பழைய பருத்திச்சீலைத் துண்டொன்றை இடையிலே வைத்து ஒட்டினால் முடி விழுந்தாலும் உடையாது. பசை கோதுமைமாவைக் காய்ச்சியது. அதிலே மயில்துத்தம் சிறிது கலப்பர். இல்லாவிடின் அடுத்த ஆண்டுக்குள் எலியும் கரப்பானும் முடியைத் தின்றுவிடும். மயில்துத்தம் நஞ்சாதலால் பசை கலக்கும் கையைப் பிள்ளைகளிடம் விடலாகாது. முதலிலே நிழலிலும் பின்பு வெயிலிலும் காயவேண்டும். நேரே வெயிலில் வைத்தால் மேற்படை காய்ந்து உட்படை ஈரமாகவே நின்று பூஞ்சணம் பிடிக்கும்.

காய்ந்தபின் அச்சைக் கழற்றி, உட்புறத்தே விளிம்பைச் சுற்றிப் பிரம்பு வளையமொன்றைக் கட்டவேண்டும். பாரம் கீழேயும் இலேசு மேலேயும் இருக்கவேண்டும் என்பதே இத்தொழிலின் மறைபொருள். அடி பாரமானால் முடி தலையோடு நிற்கும். உச்சி பாரமானால் தலையை இழுக்கும். ஆகவே உச்சிக் கலசத்தை நெட்டியாற் செய்தல் நன்று. நெட்டியின் பெருமையை வங்காளத்தார் நன்கு அறிவர்; அங்கே மணமகன் அணியும் தோப்பர் என்னும் வெண்முடி நெட்டியாலாயதே. வளையத்துக்குள்ளே பழஞ்சீலையாற் சும்மாடு தைத்து வைக்கவேண்டும். குடம் சுமப்பவருக்கும் முடி சுமப்பவருக்கும் தேவை ஒன்றே. காதுக்கு முன்னும் பின்னுமாக நான்கு நாடா. மோவாயின் கீழே முடிச்சு.

இதன்பின்பே அலங்காரம். கயிற்றையும் ஈர்க்கையும் பசை பூசி ஒட்டினால் கொடியும் வளையமும் எழும். குன்றிமணி, காப்புத் துண்டு, பாசிமணி, காக்காய்ப்பொன், கண்ணாடித் துண்டு எனக் கிடைத்தவற்றையெல்லாம் பதிக்கலாம். தேயிலைப் பெட்டிக்குள் வந்த ஈயத்தாளையும் சிகரெட்டுப் பெட்டித் தாளையும் சேர்த்து வைத்த காலத்தை எம்மூர் மூத்தோர் இன்றும் நினைவுகூருவர். எந்த வீட்டிலே உடைந்த முகக்கண்ணாடி இருக்கிறது என்று கேட்டு ஊரெல்லாம் திரிந்தார்களாம். கண்ணாடி உடைவது அபசகுனம் என்பர். முடி செய்வோருக்கு அது சுபசகுனம்.

கண்ணாடியைப் பற்றி இன்னும் சிறிது சொல்லவேண்டும். அதைச் சமதளமாகப் பதிப்பதில்லை. ஒவ்வொரு துண்டையும் வெவ்வேறு சரிவிலே பதிப்பர். காரணம் வட்டக்களரியின் விளக்கு. பழைய களரியைச் சுற்றிப் பந்தங்களும் எண்ணெய் விளக்குகளும் எரிந்தன. சுடர் காற்றிலே அசையும், ஆடுபவனும் அசைவான். வெவ்வேறு சரிவிலே நிற்கும் துண்டுகள் ஒன்று மாறி ஒன்றாகச் சுடரைப் பிடிக்கும். இருட்டிலே இருப்பவனுக்கு முடி முழுவதும் உயிர்பெற்றாற்போலத் தோன்றும். சென்ற நூற்றாண்டிலே பெற்றோல்மாக்சு விளக்கு வந்தது. சுடர் நின்றது, வெண்ணொளி நிலைத்தது. பின்பு மின்விளக்கு வந்தது. அசையாத கடும் ஒளியிலே கண்ணாடி கண்ணைக் கூசச் செய்யுமே தவிர மின்னாது. பழைய முடியை மின்விளக்கிலே பார்த்துவிட்டு, இதுவா எங்கள் முன்னோர் போற்றியது என்று கேட்கும் இளைஞர், அதை ஒருமுறை பந்தத்தின் முன்னே பார்க்கவேண்டும்.

களரி வட்டமாக இருந்தமையால் இன்னொன்றும் நேர்ந்தது. சனங்கள் நாற்புறமும் இருந்தனர். ஆடுபவனுக்கு முன்புறம், பின்புறம் என்ற பேதமில்லை. ஆகவே முடியின் பின்புறத்தையும் முன்புறத்தைப் போலவே அலங்கரித்தனர். பிடரியின் மேலே தாமரையோ சக்கரமோ வைத்து, அதன் கீழே குஞ்சம் தொங்கவிடுவர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து தமிழ்நாட்டு நாடகக் குழுக்கள் ஈழத்துக்கு வரலாயின. அவர்களோடு சீன் எழுதிய திரையும், முன்புறம் மட்டும் திறந்த மேடையும், வெல்வெற்று உடையும், சரிகை முடியும் வந்தன. பார்ப்பவர் ஒரு பக்கத்திலேயே இருந்தால் முடியின் பின்புறத்தை எவர் பார்க்கிறார்? பின்புறம் வெறுமையாயிற்று. நாடக உடுப்பை வாடகைக்குக் கொடுப்போரும் தோன்றினர். ஒரே முடி இன்று அரிச்சந்திரனுக்கு, நாளை கோவலன் கதையிலே பாண்டியனுக்கு, மறுநாள் எமனுக்கு என்றாயிற்று. அம்முடிகளை இகழ்வது எமது நோக்கமன்று. அந்த மேடையிலே வளர்ந்த இசை நாடகம் எமக்குப் பெருங்கலைஞரைத் தந்தது. காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்து அவர்களின் மயான காண்டத்தை மறந்தவர் யார்? முடியிழந்து சுடலை காக்கும் மன்னனாக நின்றே அவர் சனங்களை அழவைத்தார். முடியைப் பற்றிய இக்கட்டுரையிலே முடியில்லாத மன்னனையும் நினைத்துக்கொள்வது தகும்.

1956இலே பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திரர் சிங்கள நாடகம மரபைத் தழுவி மனமே நாடகத்தை மேடையேற்றினார். தமிழ்க் கூத்தோடு உறவுடைய அம்மரபு கற்றோர் அரங்கிலே ஏறியது கண்டு எம்மவரும் விழித்தனர். பேராதனைப் பல்கலைக்கழகத்திலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் கர்ணன் போர் (1962), நொண்டி நாடகம் (1963), இராவணேசன் (1964), வாலிவதை (1968) ஆகியவற்றைத் தயாரித்தளித்தார். மட்டக்களப்பு வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார் ஆட்டம் பழக்கினார். இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பிற்காலத்திலே பேராசிரியராகி அத்துறையிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்டார். (வித்தியானந்தன் அவர்களும் வைரமுத்து அவர்களும் 1924இலே பிறந்து 1989இலே மறைந்தவர்கள் என்பது நினைக்கத்தக்கது. ஒருவர் கூத்தையும் மற்றவர் இசை நாடகத்தையும் தாங்கினர்.)

விடியும்வரை ஆடிய கூத்து பேராதனையிலே இரண்டு மணி நேரத்துக்குள் அடங்கியது. வட்டம் விரிந்து, முன்புறம் திறந்த மேடைக்கு ஏற்றதாயிற்று. உடையும் ஒப்பனையும் திருத்தம் பெற்றன. இம்மாற்றங்களைக் குறை கூறினோர் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். எமது எண்ணம் வேறு. அந்த முயற்சி இல்லாதிருந்தால் கூத்து என்பது படியாதவர் பொழுதுபோக்கு என்ற இழிவுரை நீங்கியிராது. ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. பல்கலைக்கழகங்களின் வழியே பாட்டும் தாளமும் ஆட்டமும் ஆராய்ச்சிப் பொருளாகிப் பாடமாயின. முடி செய்வது பாடமாகவில்லை. அண்ணாவியாரை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினோம். முடி செய்தவரைத் தேடிச் சென்று வணங்கியதாக நாம் அறியோம்.

இராவணன் பெயர் வந்தமையால் ஒரு சிறு குறிப்பு. எமது சிவாலயங்களிலே கயிலை வாகனத்தைத் தாங்கும் இராவணனுக்குப் பத்துத் தலை, பத்து முடி. மரத்தச்சனுக்கு அது இயலும். ஆடும் மனிதனுக்கோ ஒரு தலையே உண்டு. ஒன்பதை ஒட்டிவைத்தால் ஆட்டம் போய்விடும். இராவணேசனிலே ஒரு தலை இராவணனே வீரமும் சோகமும் காட்டினான்.

பின்பு வந்த காலம் கொடியது. 1978 நவம்பரிலே மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கியது. 1983க்குப் பின் யுத்தம். ஊர் ஊராக இடப்பெயர்வு. 2004 திசெம்பர் 26இலே கடல் பொங்கியது. ஓடும்போது பிள்ளையைத் தூக்குவார்கள், சாமி படத்தைத் தூக்குவார்கள். பரணிலே கிடந்த கடதாசி முடியை எவர் தூக்குவார்? வீடுகளோடு எரிந்தவையும் வெள்ளத்தோடு போனவையும் எத்தனையோ. எனினும் கூத்து அழியவில்லை. 2000களின் தொடக்க ஆண்டுகளிலே மட்டக்களப்புச் சீலாமுனையிலே சி. ஜெயசங்கர் அவர்களும் அவ்வூரவரும் கூத்தைக் களரியிலேயே வைத்து மீள உருவாக்க முயன்றனர். கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுபோகாமல் ஊரவரே தம் கூத்தைத் தாம் ஆராய்ந்து அமைத்தல் என்னும் அம்முயற்சி, எம்போன்ற சிறு மன்றங்களுக்கும் நல்ல துணிவைத் தந்தது.

இனி மன்றத்திலே எழுந்த வழக்குக்கு வருவோம். கூலிக்குக் கிடைக்கும் முடியை இளைஞர் கொண்டுவந்து காட்டினர். பார்வைக்கு அழகாகவே இருந்தது. ஆனால் தலையிலே வைத்து ஒருவன் வீசாணம் ஆடியபோது முடி ஒரு பக்கம் சரிந்தது; கையால் பிடித்துக்கொண்டே ஆடவேண்டியதாயிற்று. அது அம்முடியின் குற்றமன்று. நின்று வசனம் பேசுபவனுக்காகச் செய்தது அது. சுழன்று ஆடுபவனுக்காகச் செய்ததன்று. பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் மட்டையும் ஒட்டிய தாளின் விளிம்பும் தெரிந்தன. இவ்வாண்டு நாம் ஆடுவதோ கோயில் வெளிவீதியிலே, வட்டக்களரியிலே. இதற்குமேல் வாதத்துக்கு இடமிருக்கவில்லை. செய்வதென்றே முடிவாயிற்று.

மூன்று முடிகள் செய்ய இருபது நாள் சென்றது. செலவு மிகக் குறைவு, சென்றது நேரம். கடதாசி கிழிக்க வந்த சிறுவர் இரண்டாம் நாளே கூத்துப் பாட்டைப் பாடலாயினர். எவரும் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை, பக்கத்திலே ஒத்திகை நடந்தது, கேட்டார்கள். தாய்மார் சும்மாடு தைத்தார்கள். இதுவரை மன்றத்துப் படியை மிதியாத முதியவர் ஒருவர் வந்து, நாம் ஒட்டிய கண்ணாடிகளைப் பார்த்து, எல்லாம் ஒரே பார்வையாய் நிற்கின்றன என்று சொல்லி, அவற்றைத் தாமே பெயர்த்துச் சரித்து ஒட்டினார். பந்தம் கொளுத்திப் பார்த்தபின்பே அவர் ஏன் அப்படிச் செய்தார் என்பது எமக்கு விளங்கிற்று. கண்ணாடியைப் பற்றி மேலே எழுதியதெல்லாம் அவரிடம் கேட்டறிந்ததே.

அரங்கேற்றத்தன்று மூன்று முடிகளும் பிள்ளையார் முன்னிலையிலே வைக்கப்பட்டு, அண்ணாவியார் கையாலே எடுத்துக் கொடுக்கப்பட்டன. துணி சுற்றி, முடி வைத்து, முதலிலே பின்னாடாவையும் பின்பு முன்னாடாவையும் இழுத்து, மோவாயின் கீழே முடிச்சிட்டபின், ஆடுபவனை வாய் திறந்து ஒரு பாட்டைப் பாடச் சொல்வர். முடிச்சு இறுக்கமானால் குரல் வராது. தளர்ந்தால் முடி நில்லாது. பாட்டுச் சரியாக வந்தால்தான் களரிக்கு விடுவர்.

இப்பொழுது அவை மன்றத்தின் மரப்பெட்டியிலே, உள்ளே உலர்ந்த வேப்பிலை நிரப்பி, கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றின் உள்விளிம்பிலும் தலைச்சுற்றளவு எழுதப்பட்டுள்ளது: இருபத்து மூன்றரை, இருபத்து நான்கு, இருபத்து மூன்று. அடுத்த ஆண்டு தருமராக வருபவரின் தலை சிறிதாயின் சும்மாட்டிலே ஒரு மடிப்புக் கூட்டித் தைத்துக்கொள்ளலாம்.